குடும்ப டாக்டரைக் கேட்கச் சொன்ன பாட்டில்

"டாக்டர், ரெட் வைன் ஹார்ட்டுக்கு நல்லதாமே?" இந்த வாரம் மட்டும் மூணு பேர் கேட்டுட்டாங்க. அதனால ஒரு இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. இதுல என் தப்பும் ஒண்ணு இருக்கு.

இந்த நம்பிக்கை பெரிய அளவில் பரவியது 1991-ல். நவம்பர் 17 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி. வெண்ணெயும் சீஸும் வெளுத்துக்கட்டும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு ஏன் குறைவு? பதில் இந்தக் கோப்பைக்குள் இருக்கலாம் என்றார் மோர்லி சேஃபர், கையில் சிவப்பு வைனோடு. பிரெஞ்சு ஆய்வாளர் செர்ஜ் ரெனோவும் பேசினார். அமெரிக்காவில் சிவப்பு வைன் விற்பனை எகிறியது.

வேடிக்கை என்னன்னா, அதே வருஷம் ஜனவரியில்தான் பிரான்ஸில் 'எவின் சட்டம்' வந்தது. டிவியிலும் சினிமாவிலும் மது விளம்பரமே கூடாது. சொந்த நாட்டு டிவியில் காசு கொடுத்தாலும் சொல்ல முடியாததை, அமெரிக்க டிவி செய்தியாவே சொல்லிடுச்சு. சட்டம் விளம்பரத்துக்குத்தானே, செய்திக்கு இல்லையே.

அடுத்தது லேபிள். 1989 முதல் அமெரிக்காவில் ஒவ்வொரு மது பாட்டிலிலும் அரசின் எச்சரிக்கை கட்டாயம்: கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது, வண்டி ஓட்டும் திறன் குறையும், உடல்நலக் கோளாறு வரலாம். வைன் உற்பத்தியாளர்கள் போராடி 1999-ல் இன்னொரு வாசகத்துக்கும் அனுமதி வாங்கினார்கள். 'இதயத்துக்கு நல்லது' என்று நேரடியாகப் போட முடியாது. அதனால், வைன் உடம்புக்கு என்ன செய்யும் என்று உங்கள் குடும்ப டாக்டரைக் கேளுங்கள் என்று போட்டுக்கொள்ளலாம்! 2003-ல் விதியை இறுக்கினார்கள். அது வேறு கதை.

குடும்ப டாக்டர் என்ன சொல்வார்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நானும் அதையேதான் சொன்னேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னாடி. ரிட்டயர்ட் தலைமையாசிரியர். பிபி மாத்திரை மட்டும் எடுப்பார், மதுவைத் தொட்டதே இல்லை. கலிஃபோர்னியாவில் இருக்கும் மகன் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். "குடிக்கலாமா டாக்டர்?" "ஒரு கிளாஸ்னா தப்பில்லை சார், ஹார்ட்டுக்கு நல்லதுன்னுதான் சொல்றாங்க." அடுத்த பேஷண்டுக்கு மணி அடிச்சுக்கிட்டே சொன்னேன்.

மூணு வருஷம் கழிச்சு படபடப்போடு வந்தார். ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத் துடிப்பு தாறுமாறு. பிபியும் ஏறியிருந்தது. விசாரிச்சா, தினம் ஒரு கிளாஸ் ரெண்டாகி, வைன் கிடைக்காத நாளில் பிராந்தி. வயசும் பழைய பிபியும் இருக்கு, மது மட்டும்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இந்த ரெண்டையுமே மது கூட்டும். அவர் ஒண்ணும் சொல்லலை. அவர் மனைவிதான் சொன்னாங்க: "நீங்கதானே டாக்டர் நல்லதுன்னீங்க? நானே தினமும் ஊத்திக் கொடுத்தேன்."

அன்னிக்கு ராத்திரிதான் பழைய ஆய்வுகளை ஒழுங்கா உட்கார்ந்து படிச்சேன். பலவற்றில் ஒரே ஓட்டை. நோய் வந்து குடியை விட்டவர்களையும் 'குடிக்காதவர்கள்' கூட்டத்தில் சேர்த்திருந்தார்கள். அந்தக் கூட்டம் நோஞ்சானாகத் தெரிய, அளவாகக் குடிப்பவர் ஆரோக்கியமாகத் தெரிந்தார். அளவாக வைன் குடிப்பவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள் என்பது இன்னொன்று. பெரிசா பேசப்பட்ட ரெஸ்வெரட்ரால்? லிட்டர் வைனில் சில மில்லிகிராம்தான் இருக்கும். மதுபானங்கள் புற்றுநோய்க் காரணி என்று 1988-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது.

ஆகவே, குடிக்காதவங்க இதயத்துக்காக ஆரம்பிக்காதீங்க. தினமும் அதிகம் குடிக்கறவங்க திடீர்னு நிறுத்தினா வலிப்புகூட வரலாம், டாக்டரைப் பார்த்துட்டு நிறுத்துங்க.

சார் இப்போ குடிப்பதில்லை. போன மாசம் செக்கப்புக்கு வந்தப்போ, "பையன் லீவுக்கு வர்றான், என்ன வாங்கிட்டு வரச் சொல்லட்டும்?"னு கேட்டார். பாதாம்னு சொன்னேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துட்டு கேட்டாங்க: "அது நல்லதுன்னு நிச்சயமாத் தெரியுமா டாக்டர்?"