பச்சை ராஜ்மா
புதுச்சேரியில் நான் பிரெஞ்சில் படித்த காலத்தில் பீன்ஸுக்கு 'அரிக்கோ' என்று பெயர். பொரியலுக்கு நறுக்கும் பீன்ஸும் ராஜ்மாவும் ஒரே செடியினம்தான். ராஜ்மாவில் மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தும் புரதம் ஒன்று உண்டு. அதைக் கேள்விப்பட்ட என் நடைப்பயிற்சி நண்பர், "சர்க்கரைக்கு நல்லதாம் சார், நாளையிலிருந்து ஊறவைத்துப் பச்சையாகவே மெல்லப் போகிறேன்" என்றார். பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதே கொட்டையில் லெக்டின் என்ற இன்னொரு புரதமும் இருக்கிறது. வேகாத நாலைந்து கொட்டையே வாந்தியில் கொண்டுபோய் விடலாம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதித்து வேகவேண்டும். அரைவேக்காடு இன்னும் மோசம்.

"வெந்தால் அந்த நல்ல புரதமும் போய்விடுமே சார்?"

பெரும்பகுதி போய்விடும்தான். ஆனாலும் வெந்த ராஜ்மா 100 கிராமில் சுமார் 8 கிராம் புரதம் இருக்கிறது, நார்ச்சத்து வேறு. சோற்றைக் குறைத்து அதைச் சாப்பிடலாமே!

எத்தனை விசில் என்று கேட்டார். அது என் மனைவியின் இலாகா.