வேனில் விருந்தினர்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் உயிர்களெல்லாம் ஒடுங்கி நிழல் தேடும் என்றே நாம் பல்லாண்டுகளாக எண்ணியிருந்தோம். திருநெல்வேலிச் சீமையின் சித்திரை நடுப்பகலில் வேறென்ன எண்ணத் தோன்றும்? பங்கு இல்லத்தின் பின்தாழ்வாரத்தில் நாற்காலியிட்டு அமரத் தொடங்கிய பிறகே, வேனில் அவற்றுக்கு ஓய்வுக் காலமன்று, குடும்பம் பேணும் காலம் என்பது புலப்பட்டது. வைகறையில் ஆண்குயில் கூவும். காகங்கள் சினந்து அதனைத் துரத்தும். அந்த வேளை பார்த்துப் பெண்குயில் காகத்தின் கூட்டில் முட்டையிட்டு மறையும். வேலியோரப் புதரில் செம்போத்தின் குரல் குடத்திலிருந்து எழுவதுபோல் முழங்கும். அத்திச் செடியின் அகன்ற இலையைச் சுருட்டி, பஞ்சையும் நாரையும் நூலாகக் கொண்டு தையல்சிட்டு தைத்த கூட்டை நாம் முதன்முதலில் கண்டது 2023ஆம் ஆண்டு மே மாதத்தில்தான். மறைக்கல்விக்கு வரும் சிறார்களை அழைத்து, ஏதோ நாமே தைத்ததுபோல் பெருமையுடன் காட்டினோம்.

அதே வாரத்தில் கறிவேப்பிலைச் செடியில் புழுக்கள் தோன்றின. முதற்பார்வைக்கு அவை பறவையின் எச்சம் போலவே கிடக்கும். வளர்ந்தபின் இலையோடு இலையாய்ப் பச்சை நிறம் கொள்ளும். குச்சியால் தீண்டினால் தலைக்குப் பின்னிருந்து செம்மஞ்சள் கவை ஒன்றை நீட்டிக் கடும் வாடையைப் பரப்பும். அவை எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் மக்கள் என்பதை அப்போது நாம் அறியோம். அறிந்திருந்தாலும் என்ன செய்திருப்போமோ! வாடிய தோட்டத்தில் பசுமையாய் எஞ்சியிருந்தது அந்தச் செடி ஒன்றே. கடையில் பூச்சிமருந்து வாங்கி நம் கையாலேயே தெளித்தோம்.

மூன்றாம் நாள் அத்திச் செடியில் அரவமில்லை. கூட்டினுள் இரு குஞ்சுகள் இறந்து கிடந்தன. நஞ்சுண்ட புழுவைத் தின்று மடிந்தனவா, ஊட்டப் புழுவே இன்றிப் பசியால் மடிந்தனவா, நம்மால் சொல்ல இயலாது. இரண்டில் எதுவாயினும் கை நம்முடையதே. மாலையில் வந்து கேட்ட சிறார்களிடமோ, "வெயிலின் கொடுமை" என்று சொல்லிவிட்டோம். உண்மை பேசுமாறு அவர்களுக்குப் போதிப்பவரும் நாமே என்பதை வாசகர் கவனிப்பார்களாக.

மறு ஆண்டு மே மாதத்தில் அதே சிறார்களைக் கூந்தன்குளத்திற்கு அழைத்துச் சென்றோம். நாங்குநேரிப் பக்கத்துச் சிற்றூர் அது. 1994இல் அரசு அதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஆயினும் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே பறவைகளைக் காத்து வருபவர்கள் ஊர் மக்கள். குளத்தில் மட்டுமன்று, வீட்டு வாசல் மரங்களிலும் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டுகின்றன. அண்ணாந்து பார்த்தவாறு நின்ற நம் வெள்ளை அங்கியின் தோளில் எச்சம் விழுந்தது. சிறார்கள் சிரித்து மகிழ்ந்தனர். மீன் நாற்றமும் ஓயாத இரைச்சலும் அவ்வூரில் மாதக்கணக்கில் நீடிக்கும். அதற்காக மரத்தை வெட்ட எவரும் முனைவதில்லை. பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. எச்சம் கரைந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு உரமாகின்றன என்பது உண்மையே. ஆனால் தவறி விழும் குஞ்சுகளை எடுத்து மீனூட்டி வளர்ப்பதற்கு அந்தக் கணக்கு மட்டும் காரணமாக இராது.

திரும்பும் வழியில் நாம் நடந்ததைச் சொன்னோம். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஒரு சிறுமி மெல்லச் சொன்னாள்: "எங்களுக்கு அப்பவே தெரியும், சாமி. செடிகிட்ட மருந்து வாடை அடிச்சதுல்லா."

ஓராண்டாக அறிந்தே வாளாவிருந்திருக்கிறார்கள்!

இந்தக் கோடையில் கறிவேப்பிலைச் செடி ஏறத்தாழ மொட்டையாக நிற்கிறது. தாழ்வாரத் தூணில், மெல்லிய பட்டிழையை இடைக்கச்சைபோல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஒன்று தொங்குகிறது. தையல்சிட்டின் குரல் அண்டை வீட்டுக் கொய்யாவிலிருந்து கேட்கிறது. நம் அத்திச் செடிக்கு அது இன்னும் வரவில்லை. சமையல் செய்யும் அம்மையாருக்கோ நம்மீது தீராத வருத்தம். "புழுவுக்குப் போக மிச்சம் இருந்தாத்தானே, சாமி, ரசத்துக்கு?" என்கிறார். பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பியிருக்கிறோம்.