காயில் கட்டும் கடையும் கம்ப்யூட்டர் கடையும்

கோவை அருகே தொண்டாமுத்தூர் கடைவீதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறையும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையும் கிட்டத்தட்ட ஒரே தொழிலைத்தான் செய்கின்றன. ஓடாமல் போன ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஆள் வருகிறார். உள்ளே என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் விட்டுவிட்டுப் போகிறார். ஆனால் இரண்டு வாசலிலும் நடக்கும் பேச்சு வேறு. காயில் கடையில் விவசாயி, "அஞ்சு ஹெச்பிங்க, எப்பக் கெடைக்குங்க?" என்று நாளைத்தான் முதலில் கேட்கிறார். கம்ப்யூட்டர் கடையில் அதே மனிதர் "எவ்வளவுங்க ஆகும்?" என்று கேட்பார். பதில் வந்ததும் "பையன்கிட்டக் கேட்டுட்டு வர்றேனுங்க" என்று பையைத் திரும்பத் தோளில் மாட்டிக்கொள்வார். சிறு பழுதுபார்ப்புக் கடைக்கு வாடிக்கையாளரைக் கூட்டுவது எப்படி என்ற கேள்விக்கு விடை இந்த இரண்டு பேச்சுக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. ஃப்ளெக்ஸும் ஆடித் தள்ளுபடியும் கூகுள் மேப் நட்சத்திரங்களும் ஆளை வாசல்வரை கொண்டுவரும். பையை இறக்கி வைக்கச் செய்ய அவற்றால் ஆகாது.

வேலையே இல்லை, எல்லாம் செல்போனுக்குள் போய்விட்டது என்ற புலம்பல் இந்தத் தொழிலில் பொதுவானது. அது பாதி உண்மை. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் வழியாக 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்கள் கைக்குப் போயின. 2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு என்று மறுபடியும் அறிவிப்பு வந்தது. சுற்றுவட்டாரத்தில் நரசீபுரத்திலும் தேவராயபுரத்திலும் ஆலாந்துறையிலும் பீரோ மேல் தூசி படிந்து கிடக்கும் இயந்திரங்களில் பெரும்பாலானவை செத்துப்போனவை அல்ல. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டால், புதிய லேப்டாப் விலையில் ஒரு சிறு பகுதியில், பல லேப்டாப்கள் இன்னும் சில வருடம் ஓடும். போதாக்குறைக்கு 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு ஓராண்டு நீட்டிப்புக்கு வழி வைத்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப் உள்ள இயந்திரங்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. நீட்டிப்பு வாங்குவதா, லினக்ஸ் போடுவதா, புதிது வாங்குவதா? இதற்கு ஊரில் யாராவது ஒருவர் பொறுமையாகப் பதில் சொல்லியாக வேண்டும். (அந்த அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு ஒன்றிய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுப்பதைச் சேவை என்று நினைக்கும் கடைகள் அதை நினைத்துப் பார்ப்பதில்லை.) ஆக, வேலை இருக்கிறது. அது கடைக்கு வந்து சேரவில்லை.

மேசைக்கு வந்து சேரும் கோளாறுகளில் ஊரின் சாயல் தெரியும். மலையடிவாரம் என்பதால் ஐப்பசி இடிமழைக்கு மறுநாள் ரவுட்டரும், அதன் கேபிள் வழியே மதர்போர்டின் லேன் சிப்பும் சேர்ந்தே போன கம்ப்யூட்டர்கள் வருகின்றன. தோட்டத்துச் சாளையில் வைத்த கேபினெட்டைத் திறந்தால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பல்லி கருகிக் கிடக்கும், கீபோர்டுக்குள் எறும்பு குடியேறியிருக்கும். சிசிடிவி ஒயரை எலி கடித்திருக்கும். லேப்டாப் என்றால் கீல் உடைந்திருக்கும், விசிறி தூசியில் அடைத்திருக்கும், பேட்டரி உப்பி டச்பேடை மேலே தூக்கியிருக்கும். இந்த வேலையில் நேரமெல்லாம் போவது கண்டுபிடிப்பதில். கைவேலை சொற்பம். "டிஸ்ப்ளே வரலைங்க" என்று வரும் டெஸ்க்டாப்பில் முதலில் செய்வது, ரேமைக் கழற்றி அதன் பொன்னிற விளிம்பை அழிரப்பரால் தேய்த்து மறுபடி ஸ்லாட்டில் அழுத்துவது. பல சமயம் அத்தோடு திரை வந்துவிடும். "நெட் வரலைங்க" என்று வரும் இன்னொன்றில் போர்டில் உள்ள நாணய அளவு சிமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கும். அது தீர்ந்தால் கம்ப்யூட்டரின் தேதி பல வருடம் பின்னே போகும். தேதி தப்பினால் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாமல் வங்கித் தளமும் அரசுத் தளமும் திறக்காது. செய்ய வேண்டியது ஒரு சின்ன பேட்டரியை மாற்றுவது. ஆனால் தேதியைக் கையால் திருத்திவிட்டு, ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டேன் என்று சொல்லிப் பல மடங்கு வாங்கினாலும் கொடுத்தவருக்குத் தெரியப்போவதில்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவரை அரிக்கிற சந்தேகம் இதுதான். அது வெறும் கிராமத்துச் சந்தேகம் அல்ல என்பதற்குச் சான்று உண்டு. ஆஸ்திரியாவில் கெர்ஷ்பாமர், நொயரூரர், சுட்டர் என்ற ஆய்வாளர்கள் கம்ப்யூட்டர்களின் ரேமைத் தாங்களே பழுதாக்கிப் பழுதுபார்ப்புக் கடைகளுக்கு அனுப்பினார்கள். ஒரு பகுதிக் கடைகளிடம் செலவைக் காப்பீடு ஏற்கும் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார்கள். கோளாறு ஒன்றுதான். ஆனால் காப்பீடு என்ற சொல் விழுந்த இடத்தில் சராசரி பில் 70 யூரோவிலிருந்து 129 யூரோவானது. தேவையில்லாத பாகம் மாற்றியதும், செய்யாத நேரத்துக்குக் கூலி போட்டதும் சேர்ந்த கணக்கு இது. 2016இல் வெளியான அந்த ஆய்வு, ஆள் பார்த்துக் கூலி சொல்வார்கள் என்று நம் ஊரில் திண்ணையில் பேசுவதைத்தான் எண்ணாக்கிக் காட்டியது. பணம் மட்டுமா? கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில் 16 கடைகளில் ஆறில் ஊழியர்கள் வாடிக்கையாளரின் சொந்தக் கோப்புகளைப் புரட்டியிருந்தார்கள். இரண்டு கடைகளில் பிரதியும் எடுத்திருந்தார்கள். பெண்களின் கணினிகள்தான் அதிகம் துழாவப்பட்டன. பேட்டரி மாற்றுவதற்குப் பாஸ்வேர்டு தேவையே இல்லை. அதற்கும் கேட்டார்கள். கல்யாண ஆல்பமும் நகை அடமானச் சீட்டின் ஸ்கேனும் உள்ள லேப்டாப்பை ஒரு பெண் கடையில் ஒரு இரவு விட்டுப் போகத் தயங்கினால், அந்தத் தயக்கத்தை விலைக்குறைப்பு தீர்க்காது.

இனி காயில் கடைக்கு வருகிறேன். 1930களில் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் கோவைப் பக்கம் வந்தது. கிணற்றுக்கு மோட்டார் வந்தது, மோட்டார் எரிந்தது, காயில் கட்டும் பட்டறை வந்தது. தலைமுறைகளாக இந்தத் தொழில் விவசாயியோடு பழகிப் பழகி ஒரு முறையை உண்டாக்கி வைத்திருக்கிறது. கூலி ஹெச்பி கணக்கில். அந்த ரேட் ஊருக்கே தெரியும். எரிந்த காயிலை வெட்டி எடுக்கும்போது எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்று எண்ணி, அளந்து, குறித்துக்கொண்டுதான் புதுக் கம்பி சுற்றுகிறார்கள். பழைய செம்புக் கம்பியை எடை போட்டு அன்றைய விலையைக் கழித்துக்கொள்வதும் உண்டு, கையிலேயே கொடுத்துவிடுவதும் உண்டு. எரிந்த வாடையும் கருத்த கம்பியும் கண்முன்னால் இருக்கின்றன. கட்டிய காயில் சீக்கிரமே எரிந்தால், "உங்க ஸ்டார்ட்டர்ல ஒத்தை ஃபேஸ் போயிருக்குதுங்க" என்று வாக்குவாதம் நடக்கும். நடந்தாலும் எதைப் பற்றி வாதிடுகிறோம் என்பது இருவருக்கும் தெரியும். இந்தத் தொழிலில் ஏமாற்று இல்லை என்று நான் சொல்லவில்லை. கேஜ் குறைந்த கம்பியும், செம்பு என்ற பெயரில் அலுமினியமும் இங்கேயும் சுற்றப்பட்டிருக்கின்றன. ஆனால் ஏமாற்ற வேண்டுமென்றால் எடைக்கும் எண்ணிக்கைக்கும் எதிராக ஏமாற்ற வேண்டும். கம்ப்யூட்டர் கடையில் ஏமாற்றுவதற்கு ஒரு வாய்ச்சொல் போதும். ஆகவே நான் சொல்லும் வழி, பக்கத்துக் கடை முறையை எடுத்துக்கொள்வது. கோளாறு என்ன, எதை மாற்றினோம், எந்த பிராண்டு, பாகம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தமிழில் ஒரு ஜாப் சீட்டு. கழற்றிய பாகம் உரியவர் கையில். பார்த்துச் சொல்வதற்கான கூலி சுவரில் எழுதி. பாஸ்வேர்டு வேண்டிய வேலையென்றால் அவரையே அடிக்கச் சொல்லி அவர் எதிரிலேயே செய்வது. டிஸ்க்கைத் தொடத் தேவையில்லாத வேலையென்றால் அதைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு மீதியை வாங்கி வைப்பது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மேற்சொன்ன ஆஸ்திரிய ஆய்வாளர்களில் இருவர், டுல்லெக் என்பவரோடு சேர்ந்து, 2011இல் ஒரு ஆய்வக முடிவை வெளியிட்டார்கள். விற்பவர் என்ன செய்தார் என்று வாங்குபவர் சரிபார்க்க முடிவதால் கிடைத்த நன்மை மிகக் குறைவு. நற்பெயர் சேர்க்க வாய்ப்புக் கொடுத்தும் பெரிய மாற்றம் இல்லை. பழுது தீராவிட்டால் விற்பவரே பொறுப்பு என்ற கட்டாயம்தான் சந்தையை ஒழுங்காக்கியது. அப்படியென்றால் பழைய ரேமைக் கையில் கொடுத்து என்ன பயன்? அது அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்ததா, குப்பைப் பெட்டியிலிருந்து எடுத்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. அது ஆய்வகம், இது ஆளுக்கு ஆள் தெரிந்த ஊர் என்று சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. ஊரறிந்தவர்களும் ஊரை ஏமாற்றியிருக்கிறார்கள். அந்த முடிவை ஏற்கிறேன். காட்டுவது மட்டும் போதாது, பொறுப்பேற்க வேண்டும். அதே கோளாறு ஒரு மாதத்துக்குள் வந்தால் கூலி இல்லை, போட்ட பாகத்துக்கு இத்தனை மாதம் வாரண்டி என்று கடை தன் பெயரில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் "அதே கோளாறு" எது என்பதை முடிவு செய்வது யார்? போன மாதம் என்ன செய்தோம் என்பது எழுத்தில் இல்லாவிட்டால் எந்த வாரண்டியும் வாய்ப்பேச்சு. சரிபார்க்க முடிவது தனியாகப் பலன் தராமல் போகலாம். பொறுப்பு நிற்பதற்குக் கால் அந்தச் சீட்டுதான். காயில் கடையில் குறித்து வைத்த சுற்று எண்ணிக்கை செய்வதும் அதே வேலை.

டெக்னீஷியன்கள் சொல்லும் தடை வேறு, அதில் வலியும் இருக்கிறது. "ரப்பர் வெச்சுத் தேய்ச்சதுக்கு முந்நூறு ரூவாயாங்ண்ணா?" என்று கேட்பார்கள், எனவே திரைக்குப் பின்னால் தேய்ப்பதுதான் பிழைக்கும் வழி என்கிறார்கள். செய்வதைக் காட்டினால் வேலை எளிதாகத் தெரியும், எளிதாகத் தெரிந்தால் கூலி போய்விடும். இந்தப் பயம்தான் தொழிலைக் கெடுத்திருக்கிறது. கூலியைக் கைவேலைக்கு என்று சொல்லி வாங்கும்வரை, ஐந்து நிமிட வேலையை ஒரு நாள் வேலையாக நடிக்க வேண்டியிருக்கும். கண்டுபிடித்ததற்கு என்று முன்கூட்டியே சொல்லி வாங்கினால் நடிக்க அவசியமில்லை. பார்த்துச் சொல்லக் காசு கேட்டால் ஆளே வரமாட்டார் என்பார்கள். முதல் சில மாதம் சிலர் வராமல் போகத்தான் செய்வார்கள். இலவசமாகப் பார்ப்பதாகச் சொல்லும் கடை அந்தக் காசை எங்கிருந்து எடுக்கும் என்பதை ஆஸ்திரிய பில்களைப் பார்த்து ஊகிக்கலாம். சீட்டு எழுத நேரம் இல்லை என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். சிசிடிவி மாட்டுவதற்குக் கொட்டேஷன் எழுத நேரம் இருக்கிறதே.

நேர்மையாகச் சரிசெய்தால் இயந்திரம் மறுபடி வராது, வருமானம் குறையும் என்ற வாதமும் உண்டு. பத்து லேப்டாப் மட்டுமே உள்ள ஊரில் அது சரி. இங்கே உரக்கடை பில்லிங் கம்ப்யூட்டரும், பள்ளிக்கூட லேபும், பாக்கு வியாபாரியின் பிரிண்டரும், தோப்புக்குத் தோப்பு கேமராவும் இருக்கின்றன. ஒரு லேப்டாப்பில் நம்பிக்கை வந்த குடும்பம் மீதியையும் அதே கடைக்குத்தான் கொண்டுவரும். கோவை காந்திபுரத்துக் கடைகளோடு விலையில் மோத முடியாது என்பது உண்மை. ஆனால் வடவள்ளி தாண்டி 15 கிலோமீட்டருக்கு மேல் போய், மறுபடி வாங்க ஒரு நடை போகும் அலைச்சல் உள்ளூர்க் கடைக்குச் சாதகம். அந்தச் சாதகத்தை வைத்தும் ஆள் தாண்டிப் போகிறார் என்றால், தாண்ட வைப்பது விலை அல்ல. உதிரிபாகம் மட்டும் கடைக்காரர் கையில் இல்லாத விஷயம். ஒன்றிய அரசு 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டமே இயற்றியது. தளம் சட்டமாகாதவரை அசல் பாகம் சிறு கடைக்கு எளிதில் கிடைக்காது. அதனால்தான் போட்டது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா, வேறொன்றில் கழற்றியதா என்பது சீட்டில் இருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் கேட்காத எதையும் எந்தக் கடையும் நெடுநாள் செய்யாது. எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கம்ப்யூட்டரைக் கொடுக்கும்போது சீட்டு கேளுங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், உப்பிய பேட்டரியை மட்டும் மின்கழிவுக்குக் கொடுக்கச் சொல்லிக் கடையிலேயே விட்டுவிடுங்கள். பார்த்துவிட்டு இதற்குச் செலவு செய்வது வீண் என்று ஒரு கடைக்காரர் உண்மையைச் சொன்னால், அந்தப் பார்த்த கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.