வாடகை வண்டியும் கடல் மணலும்

2025 ஜூலையில நம்ம செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்ததுலேர்ந்து, வரப்புல நிக்கிற என்கிட்டகூட "ராஜகிரிக்கு எப்படிங்க போகணும்"னு வழி கேக்கறாங்க. இப்படி சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு வழி சொல்லியே பழகின நான், போன மாசம் ஒருநாள் நானே ஊர் சுத்தப் போனேன்.

மல்லாட்டை புடுங்கிக் காயவெச்சு, செஞ்சி கமிட்டியில போட்டு, காசும் கைக்கு வந்தாச்சு. நீங்க கடலைன்னு சொல்றதைத்தான் நாங்க மல்லாட்டைங்கறோம். கடலை வித்த காசுல கடலைப் பாக்கப் போனேன்னு வெச்சுக்குங்க. பாண்டிச்சேரியில வேலை பாக்கற என் பொண்ணுதான் போன் பண்ணா. "எப்பப் பாரு கழனியிலேயே கிடக்கறியே, ஒரு நாள் வாப்பா. வண்டி வாடகைக்கு எடுத்து கடல் ஓரமா சுத்திக் காட்டறேன்." செஞ்சியிலேர்ந்து பாண்டி ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான். ஆனா நான் அங்க போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் துக்கத்துக்கும்தான். கடலைப் பாக்கணும்னே போனதில்ல.

விடிகாலை பஸ் புடிச்சுப் போய் இறங்கினேன். பொண்ணு கூட்டிட்டுப் போன தெருவுல வரிசையா ஸ்கூட்டரும் புல்லட்டும் நிக்குது. நம்பர் பலகை கருப்பு, எழுத்து மஞ்சள். வாடகைக்குன்னு பதிவு செஞ்ச வண்டிக்குத்தான் அப்படி இருக்குமாம். இதுக்குன்னு 1997லயே மத்திய அரசு ஒரு திட்டம் போட்டு விதியெல்லாம் வகுத்திருக்கு. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குக் குடுத்தா வாங்காதீங்க, ஏதாச்சும் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்ல வம்பு வரும்னு பொண்ணு சொன்னா.

எனக்கு ஆச்சரியம் என்னன்னா, நாங்களும் காலம் பூரா வாடகைக்கு எடுக்கறவங்கதான். டிராக்டர், நெல் அறுக்கிற மெஷின், ஜேசிபி எல்லாமே மணிக் கணக்கு. ஆனா எல்லாம் டிரைவரோட வரும். முன்னப் பின்ன தெரியாத ஆள்கிட்ட சாவியைக் குடுத்து "போயிட்டு வாங்க"ன்னு சொல்றதை அங்கதான் பாத்தேன். நாள் வாடகை 450 ரூபாய். ஆயிரம் ரூபாய் முன்பணம். பொண்ணோட லைசென்ஸை வாங்கிப் பாத்து நகல் எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு ஹெல்மெட் குடுத்தாங்க. பெட்ரோல் மட்டும் பங்க் வரைக்கும் போற அளவுக்குத்தான் இருந்துச்சு. அவ வண்டியை நாலு பக்கமும் சுத்தி வந்து, எங்கெங்க கீறல் இருக்குன்னு போன்ல வீடியோ எடுத்தா. மாடு வாங்கறப்ப நாங்க பல்லைப் புடிச்சுப் பாத்து, சுழி பாத்து, நடக்க விட்டுப் பாப்போம். அதே வேலைதான்.

வண்டியை அவதான் ஓட்டினா. நான் பின்னாடி. சின்ன வயசுல என் சைக்கிள் பாருல உக்காந்து பள்ளிக்கூடம் போனவ. "கெட்டியாப் புடிச்சுக்கோப்பா, ஸ்பீட் பிரேக்கர் வருது"ன்னு சொல்லிச் சொல்லி ஓட்டினா.

மொதல்ல காந்தி சிலைக்கு. சிலையைச் சுத்தி நிக்கிற கல்தூணுங்களைத் தொட்டுப் பாத்தேன். அது எங்க ஊர்க் கல்லு. 1750ல செஞ்சிக் கோட்டையைப் புடிச்ச பிரெஞ்சுக்காரங்க, கோட்டைக்குள்ள இருக்கிற வெங்கட்ரமணர் கோயில்லேர்ந்து அந்தத் தூணுங்களைப் பாண்டிக்குக் கொண்டு வந்ததாச் சொல்றாங்க. வெளியூர்ல சொந்தக்காரனைப் பாத்த மாதிரி இருந்துச்சு.

அப்புறம் கடலைப் பாத்தேன். கரை பூரா கருங்கல்லாக் கொட்டிக் கிடக்கு. மணல் ஒரு பக்கமாத்தான் இருக்கு. "பீச்சுன்னா மணல் இருக்கணுமே"ன்னேன். முன்ன இங்கெல்லாம் மணல்தான், கடல் தின்னுடுச்சு, இப்ப இருக்கிற மணலே கடலுக்குள்ள இரும்பால ஒரு தடுப்பு இறக்கினதுக்கு அப்புறம் திரும்பி வந்ததுதான்னு பொண்ணு சொன்னா. எப்படித் தின்னுச்சுன்னு கேட்டேன். "வா, வடக்கே போலாம்"னா.

முத்தியால்பேட்டை தாண்டினா கோட்டக்குப்பம். அங்க மறுபடியும் நம்ம விழுப்புரம் மாவட்டம் வந்துடுது. தந்திராயன்குப்பத்துல கடலுக்குள்ள நீட்டா கல்லு போட்டிருக்காங்க. தூண்டில் வளைவுன்னு பேரு. ரெண்டு வளைவுக்கு நடுவுல நல்ல மணல். வெளியூர்ப் புள்ளைங்க பலகை மேல நின்னு அலையில சறுக்கிட்டு இருந்தாங்க. கால் நனைச்சுட்டு, கரும்புச் சாறு குடிச்சுட்டு, ஈ.சி.ஆர். ரோட்டுல இன்னும் கொஞ்சம் வடக்கே போனோம். சின்ன முதலியார்சாவடி தாண்டி பொம்மையார்பாளையம்.

அங்க நிலைமை வேற. கடல் குப்பத்து வீட்டு வாசல் வரைக்கும் வந்து நிக்குது. பாதி இடிஞ்ச சுவர் ஒண்ணு அலைக்குள்ள சாஞ்சு கிடக்கு. படகை இழுத்துப் போட மணல் இல்லாம ரோட்டோரம் ஏத்தி வெச்சிருக்காங்க. ஒரு பெரியவர் நிழல்ல உக்காந்து வலை பின்னிட்டு இருந்தார். பக்கத்துல போய் உக்காந்தேன். விவசாயின்னதும் நல்லாப் பேசினார்.

"தம்பி, மணல் ஒரு இடத்துல இருக்காது. அது நடக்கும். வருஷத்துல பாதிக்கு மேல தெக்கேர்ந்து வடக்கே நடக்கும். ஐப்பசி, கார்த்திகை வாடைக் காத்துல கொஞ்சம் திரும்பி வரும். கணக்குப் பாத்தா வடக்கே போறதுதான் ஜாஸ்தி. 1980 கடைசியில பாண்டியில ஹார்பருக்குன்னு கடலுக்குள்ள கல்லு போட்டாங்க. வர்ற மணல் அங்கேயே நின்னுபோச்சு. ஹார்பருக்குத் தெக்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் மேடாச்சு. வடக்கே பாண்டிக்கு மணல் வரல, கரை போச்சு. அதைக் காப்பாத்தக் கல்லு கொட்டினாங்க. அரிப்பு அடுத்த குப்பத்துக்கு வந்துச்சு. அங்க வளைவு போட்டாங்க. இப்ப எங்க வாசல்ல நிக்குது. இங்கேயும் வளைவு வேணும்னு நாங்களும்தான் கேக்கறோம். வேற வழி? ஆனா இங்க போட்டா எங்களுக்கு வடக்கே இருக்கிறவன் என்ன பண்ணுவான்?"

யாரையும் திட்டல அவர். "கெடுக்கணும்னு யாரும் போடல தம்பி. அவங்கவங்க இடத்தை அவங்கவங்க பாத்துக்கிட்டாங்க"ன்னு சொல்லிட்டு வலையில கண்ணு வெச்சுக்கிட்டார்.

வண்டிகிட்ட வந்ததும் பொண்ணு ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டே சொன்னா: "தலைமடை, கடைமடை கதைதாம்ப்பா. நம்ம குழாய் மாதிரி."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அது என்ன குழாய்னு உங்களுக்குச் சொல்லணும். எங்க ஏரிக் கால்வாய் என் கழனியைத் தாண்டித்தான் என் தம்பி கழனிக்குப் போகுது. அவனுது கடைமடை. 2019ல டிராக்டரும் அறுப்பு மெஷினும் என் கழனிக்குள்ள இறங்கறதுக்குக் கால்வாய்க்குக் குறுக்கே பாதை போட்டேன். நாலு அடி அகலக் கால்வாய்ல ஒரு அடி சிமெண்ட் குழாய் ஒண்ணைப் பதிச்சு மேல மண்ணை அடிச்சேன். தண்ணி போகுதேன்னு விட்டுட்டேன். போச்சு, ஆனா பாதிதான் போச்சு. மதகு திறந்தா முன்ன ஒரு ராத்திரியில பாயற தம்பி கழனிக்கு ரெண்டு நாள் ஆச்சு. அதுக்குள்ள அவன் முறை முடிஞ்சிடும்.

ரெண்டு தடவை வந்து சொன்னான். "மழை கம்மிடா, குழாய் என்ன பண்ணும்"னேன். மூணாவது தடவை வார்த்தை தடிச்சு, "வேணும்னா நீ போர் போட்டுக்கோ"ன்னு சொல்லிட்டேன். கடன் வாங்கி 300 அடிக்குப் போட்டான், தண்ணி வரல. அந்தக் கழனியைப் பாதி தரிசா விட்டுட்டு இப்ப திண்டிவனத்துல மூட்டை தூக்கப் போறான். நாலு வருஷமாப் பேச்சு இல்ல. அம்மா திதியைக்கூடத் தனித்தனியாத்தான் குடுக்கறோம்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததில்ல. மழை கம்மின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன். ஊர்ல வந்து யாராச்சும் சொல்லியிருந்தா சண்டைக்குத்தான் போயிருப்பேன். முன்னப் பின்ன தெரியாத ஒரு மனுஷன் வாசல்ல உக்காந்து கேட்டதால காது குடுத்துக் கேட்டேன் போல.

மத்தியானம் மீன் குழம்பு சாப்பிட்டோம். எனக்கு இறங்கல. "ஏம்ப்பா, நான் சொன்னது தப்பா?"ன்னு கேட்டா. "தப்பில்லம்மா"ன்னு மட்டும் சொன்னேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வண்டியை விட்டோம். கடைக்காரர் சுத்திப் பாத்துட்டு முன்பணத்தைத் திருப்பிக் குடுத்தார். எடுக்கும்போது எப்படி இருந்துச்சோ அப்படியே திருப்பிக் குடுக்கணும், அவ்வளவுதான் வாடகைச் சட்டம். வீட்டுக்கு வர்ற பஸ்ல அதையே நெனைச்சுக்கிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டினேன். பழைய குழாயைத் தோண்டிட்டு மூணு அடி குழாய் வெச்சுக் கட்ட, ஜேசிபி வாடகையோட சேத்து 22,000 ரூபாய் ஆகும்னார். மல்லாட்டைக் காசுல வீட்டு ஓடு மாத்தலாம்னு இருந்தோம். "ஓடு இன்னொரு வருஷம் தாங்கும்"னு என் வீட்டுக்காரி சொல்லிட்டா. ஏரி காஞ்சு கிடக்கிற இந்தக் கோடையில விட்டா அப்புறம் இந்த வேலை நடக்காது.

தம்பிகிட்ட நான் போய்ச் சொல்லல. வாய் வரல. ஜேசிபி சத்தம் கேட்டு அவனே வந்தான். கிட்ட வராம அந்தப் பக்கத்து வரப்புலயே கையைக் கட்டிக்கிட்டு நின்னான். பழைய குழாய் உடைஞ்சு மேல வந்ததைப் பாத்தான். என்னைப் பாக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு ஜேசிபி டிரைவர்கிட்ட, "இன்னும் அரை அடி ஆழமா எடுப்பா, அப்பத்தான் தண்ணி தேங்காமப் போகும்"னான்.

அரை அடி ஆழமா எடுத்தோம். ஐப்பசி மழையில ஏரி ரொம்பட்டும், பாப்போம்.