மகனின் மூச்சுக் கருவி

2024ஆம் ஆண்டு ஆடி மாதம் என் தம்பியின் மகள் நோர்வேயில் இருந்து எங்கள் கல்லடி வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த மூன்றாம் நாள் பின்னேரம் விறாந்தையில் பாயை விரித்து, அவளும் என் மகனும் இரண்டு ரெகுலேற்றர்களை அருகருகே வைத்துக்கொண்டு கதைத்தார்கள். நான் குசினி வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. பித்தளையில் ஒரு குமிழ், அதில் இருந்து போகும் கறுப்புக் குழாய்கள், நுனியில் வாயால் கடிக்கும் இறப்பர். அந்தப் பாயில் தொடங்கிய கதை என் கையில் கிடந்த காப்பு வரைக்கும் வரும் என்று நான் அப்போது நினைக்கவில்லை.

ரெகுலேற்றர் என்றால் என்ன என்று சகோதரிகள் கேட்கலாம். சுழியோடிகள் முதுகில் கட்டிப் போகும் சிலிண்டருக்குள் காற்று 200 பார் அமுக்கத்தில் அடைபட்டிருக்கும். மோட்டார் சைக்கிள் சில்லுக்குள் இருப்பது இரண்டு பார் அளவுதான். அந்த வேகத்தில் காற்று வாய்க்கு வந்தால் நெஞ்சு வெடித்துவிடும். சிலிண்டரின் கழுத்தில் பூட்டும் குமிழ் அதைப் பத்து பார் அளவுக்குக் குறைக்கிறது. வாயில் கடிக்கும் பகுதி, மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள தண்ணீரின் அமுக்கத்துக்குச் சமனாக்கித் தருகிறது. ஆழத்தில் நிற்கும் பிள்ளைக்கும் உயிருக்கும் நடுவே இருப்பது அது ஒன்றுதான்.

இந்த விடயம் எங்கள் வீட்டில் சும்மா கதைக்கிற விடயம் அல்ல. என் கணவர் கடலட்டைக்குச் சுழியோடியவர். 2012இல் வாகரைப் பக்கம் ஒரு நாள் பதினெட்டுப் பாகத் தண்ணீரில் நாலு சிலிண்டர் இறங்கினார். நாலாவதில் காற்று முடியும் தறுவாயில் அவசரமாக மேலே வந்தார். பின்னேரம் முழங்கால் உளைகிறது என்றார். நான் எண்ணெய் காய்ச்சிப் பூசினேன். எனக்குத் தெரிந்தது அதுதான். இரவு சிறுநீர் போகவில்லை, கால் மரத்துவிட்டது. காலையில்தான் ஆசுபத்திரிக்கு ஓடினோம். அங்கிருந்து திருகோணமலைக்கு அனுப்பி, கடற்படையின் அமுக்க அறையில் வைத்து வைத்தியம் செய்தார்கள். உயிர் தப்பியது. வலது கால் முழுதாகத் திரும்பவில்லை. இன்றும் பொல்லோடுதான் நடக்கிறார். முதல் நாள் பின்னேரமே கொண்டுபோயிருந்தால் என்ற நினைப்பு என்னை விட்டுப் போனதில்லை.

ஆகவே மகன் பாசிக்குடாவில் சுழியோடும் உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டியாகப் போகிறேன் என்ற நாளில் நான் சோறு தின்னவில்லை. ஆனால் தொழிலைப் படித்துப் போனான். சித்திரையில் இருந்து புரட்டாதி வரை எங்கள் கடல் அமைதி. வாடைக் காற்று தொடங்கியதும் கடல் கலங்கிவிடும். அப்போது பையைத் தூக்கிக்கொண்டு ஹிக்கடுவைப் பக்கம் போய்விடுவான். பஸ்ஸில் அவன் மடியில் வைத்துக்கொண்டு போவது அந்த ரெகுலேற்றரைத்தான். நாட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் பழசாக வாங்கியது.

என் மருமகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மச்சான், சிலிண்டர் முடியிற நேரம் மூச்சு இழுக்கக் கஷ்டமா இருக்கும், என்ன?” என்றாள். அவன் தலையாட்டினான். அது சமப்படுத்தப்படாத வகையாம். சிலிண்டரில் அமுக்கம் குறையக் குறைய, நெஞ்சுதான் கூடப் பாடுபட வேண்டும். இருபது மீற்றர் முருகைக்கல்லுக்கு அது போதும்.

அவளுடையது வேறு. அங்கே மாரிகாலத்தில் கடல் நாலைந்து பாகைதான். எங்கள் கடல் 28 பாகை. “குளிர் எண்டா ஆளுக்குத்தானே புள்ள குளிரும், பித்தளைக்கு என்ன?” என்று நான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. “மாமி, சைக்கிள் ரியூப்பைத் திறந்து காத்தை விட்டா வால்வு சில்லெண்டு இருக்குமே, கவனிச்சிருக்கிறீங்களா?” என்றாள். அமுக்கத்தில் இருக்கும் காற்று விரியும்போது குளிர்ந்துவிடும். தண்ணீரும் ஏற்கெனவே குளிர் என்றால், குமிழுக்குள் இருக்கும் வில்லைச் சுற்றிப் பனிக்கட்டி பிடித்து, வால்வு திறந்தபடி இறுகிவிடுமாம். பிறகு காற்று நிற்காமல் கொட்டும். சில நிமிடங்களில் சிலிண்டர் காலி. அவளுக்கே ஒரு முறை இரவல் கருவியோடு ஏரியில் இறங்கி அப்படி நடந்து, கூட வந்தவளின் மேலதிகக் குழாயைக் கடித்துக்கொண்டு மேலே வந்தாளாம். தம்பிக்கு இது இன்னும் தெரியாது. (அவன் இந்தச் சஞ்சிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

அதனால் குளிர்நீர்க் கருவியில் வில் இருக்கும் அறையைத் தண்ணீர் புகாமல் மூடி விடுகிறார்கள். ஐரோப்பிய நியமப்படி பத்துப் பாகைக்குக் கீழே என்றால் அது குளிர்நீர். அதற்கென்று சோதித்த கருவிதான் அங்கே பாவிக்கலாம். அவளுடையது சிலிண்டருக்குள் திருகிப் பூட்டும் வகை, எங்களுடையது கவ்விப் பிடிக்கும் வகை. இங்குள்ள சிலிண்டருக்குப் பூட்ட ஒரு சிறு இணைப்புத் துண்டை மறக்காமல் கொண்டுவந்திருந்தாள். ரெகுலேற்றரைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் கொண்டுவந்ததும் எனக்குப் பிடித்தது. தாலியைப் பெட்டியில் போட்டு விடுவோமா?

மகன் பேசாமல் இருந்தான். பிறகுதான் சொன்னான், ஹேர்மிஸ் கப்பலுக்கு ஆட்களைக் கூட்டிப் போகும் வேலை வந்திருக்கிறதாம்.

ஹேர்மிஸ் எங்கள் ஊர்க் கடலில் கிடப்பது எல்லோருக்கும் தெரியும். விமானந்தாங்கிக் கப்பல் என்றே வரைந்து கட்டத் தொடங்கிய முதற் கப்பல். 9.4.1942 அன்று யப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. 307 பேர் மாண்டார்கள். அடுத்த வருடம், 1943இல்தான், பிரான்சில் கூஸ்தோவும் கஞ்ஞான் என்ற பொறியியலாளரும் இந்த ரெகுலேற்றரைச் செய்து கடலில் இறங்கினார்கள். யுத்தத்தில் பெற்றோல் இல்லாமல் காரை வாயுவில் ஓட்டச் செய்த ஒரு வால்வில் இருந்துதான் கஞ்ஞானுக்கு அந்த யோசனை வந்ததாம். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற எங்களுக்கு அது விளங்கும்.

கப்பல் கிடப்பது ஐம்பது மீற்றருக்கும் ஆழத்தில். பாசிக்குடாப் பக்கம் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ற் கப்பலின் ஆழத்தைவிட இரண்டு மடங்கு. ஐம்பது மீற்றரில் அமுக்கம் ஆறு மடங்கு. ஒரு மூச்சுக்கு மேலே ஆறு மூச்சுக்கு வேண்டிய காற்று போகும். பழைய குமிழால் அந்தக் காற்றை வேண்டிய நேரத்துக்குத் தர ஏலாது.

“எங்கட கடலில பனிக்கட்டி ஏது? குளிருக்குச் செய்த சாமான் என்னத்துக்கு?” என்று நான் விடாமல் கேட்டேன். அதற்கு மருமகள் சொன்னதுதான் என் மனதை மாற்றியது. நல்ல குளிர்நீர்க் கருவிகள் பெரும்பாலும் சமப்படுத்தப்பட்டவை, ஆழத்திலும் சிலிண்டரின் கடைசி வரைக்கும் ஒரே மாதிரிக் காற்றைத் தரும். அதோடு பனிக்கட்டிக்காகப் போட்ட அந்த மூடி, உப்பையும் மணலையும் சேற்றையும் கூட உள்ளே விடாது. மகனின் பழைய குமிழின் துளையை எனக்குக் காட்டினாள். வில்லைச் சுற்றி வெள்ளையாக உப்பு.

பழசையே திருத்தலாமா என்றும் கேட்டோம். சில கருவிகளுக்கு அந்த மூடியைத் தனியாக வாங்கிப் பூட்டலாம். ஆனால் சமப்படுத்தப்படாத குமிழை எந்த உதிரிப்பாகமும் மாற்றாது. வாய்ப்பகுதியை மட்டும் பழுதுபார்த்து, புதிய குமிழுக்கு ஏற்றபடி சரிசெய்து, மேலதிகமாக வைத்துக்கொள்ளலாம் என்றாள். மகனுக்கு முதலில் ஒரு கமெரா வாங்கத்தான் ஆசை, பயணிகளைப் படம் எடுத்துக் கொடுத்தால் சந்தோசக் காசு வருமாம். வாய்க்குள் போவதை விட்டுவிட்டுக் கண்ணுக்கு வாங்குவதா என்று அதட்டினேன்.

காசுக்கு வழி என் ஒன்றரைப் பவுண் காப்புத்தான். அடகு வைத்தால் வட்டி தின்னும் என்று விற்றேன். ஆனால் விற்கிறதுக்கு முதல் நாள் இரவு நித்திரை வரவில்லை. நல்ல கருவி இல்லாவிட்டால் அவன் அந்த ஆழத்துக்குப் போகமாட்டான். நான் வாங்கிக் கொடுப்பதே அவனை அங்கே கொண்டுபோய் விடுகிறது. இவரைத் தட்டி எழுப்பிச் சொன்னேன்.

இவர் நெடுநேரம் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். “எண்ட ரெகுலேற்றர் அண்டைக்கு ஒரு பிழையும் விடல்ல கா. நல்ல காத்துத்தான் வந்த. நான்தான் கனநேரம் நிண்டன், கெதியா வந்தன்” என்றார். பிறகு, “வாங்கிக் குடு. மறுகா அவனோட நான் கதைக்கிறன்” என்றார்.

கதைத்தார். ஆழ்கடலுக்கென்று உள்ள படிப்பை முடிக்காமல் ஹேர்மிசுக்கு இறங்குவதில்லை என்று மகன் ஒத்துக்கொண்டான். படிப்புக்கும் அதே காப்புக் காசில்தான் கொடுத்தோம். மருமகள் நோர்வேயில் வாங்கிய கருவி 2025 தை மாதம் ஒரு சொந்தக்காரரின் கைப்பையில் வந்து சேர்ந்தது.

அந்த வருடம் வைகாசியில் முதல் தடவை அவன் அந்தக் கப்பலுக்குப் போன நாள், நான் சமைக்கவில்லை. இவர் பொல்லை ஊன்றிக்கொண்டு கடற்கரைக்குப் போய் இருந்துவிட்டார். மத்தியானம் கழிந்து மகனோடு மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து வந்தார்.

இப்போது ஒவ்வொரு பின்னேரமும் அதைக் கழுவுவது இவர்தான். குமிழின் தூசு மூடியைத் துணியால் ஈரம் போகத் துடைத்துப் பூட்டி, பிறகுதான் நல்ல தண்ணீர் வாளிக்குள் வைப்பார். வாய்ப்பகுதியின் பொத்தானில் விரல் படாமல் பார்த்துக்கொள்வார், அமத்தினால் குழாய்க்குள் தண்ணீர் ஏறிவிடுமாம். வேப்பமர நிழலில் தொங்கவிட்டுக்கொண்டு மகனிடம் கேட்பார்:

“இண்டைக்கு ஆறு மீற்றரில எத்தின நிமிசம் நிண்டாய் மனே?”

அவன் கணக்கைச் சொன்ன பிறகுதான் தேத்தண்ணி கேட்பார்.