சிங்கப்பூர் கிளம்புறீங்களா? முதல்ல வண்டலூருக்குப் போயிட்டு வாங்க!

பாஸ்போர்ட் கையில் இருக்கிறது. விசாவுக்கும் கொடுத்தாச்சு. முதல்முறை வெளிநாடு போகும் குடும்பத்தில் அடுத்து எல்லோரும் பேசுவது பெட்டியைப் பற்றித்தான். எத்தனை கிலோ, எந்த டிரஸ், பருப்புப்பொடி எவ்வளவு? ஆனால், பெட்டிக்கு முன்னால் ஆட்கள் தயாராக வேண்டும்.

எங்கள் வீட்டில் இதைப் புரியவைத்தவர் ஆச்சி. ஐந்து நாள் சிங்கப்பூர் டிரிப். அப்பா, அம்மா, அக்கா, அவளுடைய ஆறு வயது மகன், நான், ஆச்சி என ஆறு பேர். டிக்கெட் போட உட்கார்ந்தபோது, "நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். நீங்க சந்தோசமா போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார் 74 வயது ஆச்சி. விமானத்தில் ஏறப் பயமா என்றால், இல்லையாம். துருவித் துருவிக் கேட்டதில் இரண்டு காரணங்கள் வந்தன. ஒன்று, எஸ்கலேட்டரில் கால் வைக்கப் பயம். இன்னொன்று, கூட்டத்தில் தொலைந்துபோனால் எந்த பாஷையில் யாரிடம் கேட்பது என்ற பயம். கடைசியில்தான் மனதில் இருந்தது வெளியே வந்தது. "என்னால உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?"

ஆறு பேருக்கும் சேர்த்தே டிக்கெட் போட்டோம். பயணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. வழக்கமாகப் போகும் ஞாயிற்றுக்கிழமை அவுட்டிங்கையே ஒத்திகையாக மாற்றினோம்.

முதல் ஞாயிறு: மெட்ரோ

விமான நிலையத்தின் சின்ன வடிவம் மெட்ரோ ஸ்டேஷன். பையை ஸ்கேனரில் வைக்கணும், மெட்டல் டிடெக்டர் வழியாக நடக்கணும், டிக்கெட்டைக் காட்டினால்தான் கேட் திறக்கும். இதையெல்லாம் ஒருமுறை செய்து பார்த்துவிட்டால், விமான நிலையத்தில் பதற்றம் பாதியாகிவிடும்.

அடுத்து எஸ்கலேட்டர். ஞாயிறு காலையில் கூட்டம் குறைவு என்பதால் அவசரமில்லை. முதலில் ஏறுவதை மட்டும் பழகினோம், இறங்குவது பிறகு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியின் நடுவில் கால் வைக்கணும். சேலை கட்டியவர்கள் கொசுவத்தை லேசாகத் தூக்கிப் பிடிக்கணும். கடைசிப் படி தட்டையாகும்போது காலைத் தூக்கி வெளியே வைக்கணும். நான்காவது முறை ஆச்சி என் கையை விட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். சிங்கப்பூர் ரயில் நிலையங்களில் எஸ்கலேட்டர் இன்னும் கொஞ்சம் வேகம். அங்கே இடது பக்கமாக நிற்பது வழக்கம். பயமாக இருந்தால் லிஃப்ட்டும் உண்டு.

இரண்டாம் ஞாயிறு: வண்டலூர்

வெளிநாட்டு டிரிப்பில் நாம் யோசிக்காமல் விடுவது நடையை. அங்கே ஸ்டேஷனிலிருந்து, ஹோட்டலிலிருந்து, வாசலிலிருந்து வாசலுக்கு என்று நாள் முழுக்க நடக்கணும். அதைச் சோதித்துப் பார்க்க 602 ஹெக்டேரில் பரந்திருக்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவைவிட நல்ல இடம் கிடைக்காது. செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை. பேட்டரி கார் இருக்கிறது. நாங்கள் வேண்டுமென்றே ஏறவில்லை.

முதலில் பெஞ்சைத் தேடி உட்கார்ந்தவர் அப்பா! டிரிப்புக்காக வாங்கிய புது ஷூ குதிகாலைக் கடித்துவிட்டது. அடுத்து அக்கா மகன், "தூக்கு" என்று கையை நீட்டினான். ஆச்சி மெதுவாக, ஒரே சீராக நடந்துகொண்டே இருந்தார். யாரால் தொந்தரவு என்பது அன்றைக்கே மாறிப்போனது.

அன்று இரவே திட்டத்தைத் திருத்தினோம். செந்தோசா, கார்டன்ஸ் பை த பே, லிட்டில் இந்தியா மூன்றும் ஒரே நாளில் இருந்தன. அதைப் பிரித்து, காலையில் ஓர் இடம், மதியம் ஹோட்டலில் ஓய்வு, மாலையில் ஓர் இடம் என்று மாற்றினோம். புது ஷூவை இரண்டு வாரம் முன்பே போட்டுப் பழக வேண்டும் என்பதும் அப்பாவின் குதிகால் சொன்ன பாடம்.

மூன்றாம் ஞாயிறு: ரங்கநாதன் தெரு

கூட்டத்தைப் பழக தி.நகரைவிட வேறென்ன வேண்டும்? விதி ஒன்றுதான். தனியாகிவிட்டால், தேடி அலையாமல் நின்ற இடத்திலேயே நிற்கணும். மற்றவர்கள்தான் வந்த வழியே திரும்பி வரணும். ஹோட்டல் பெயரும், நாட்டுக் குறியீட்டோடு எங்கள் போன் நம்பர்களும் எழுதிய சீட்டு ஒன்று ஆச்சியின் சுருக்குப்பையில், இன்னொன்று குழந்தையின் சட்டைப்பையில். சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று என்று சொன்னபோது ஆச்சியின் முகம் தெளிந்தது.

நான்காம் ஞாயிறு: வீட்டு ஹால்

இப்போதுதான் பெட்டி. அவரவர் பெட்டியை அவரவர் தூக்கி மாடிப்படி ஏறி இறங்கணும். முடியவில்லையா, எடையைக் குறைக்கணும். கூடவே இவற்றையும் சரிபார்த்தோம்:

• டிக்கெட்டில் இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கணும். நம் ஊர் இனிஷியல்தான் இதில் குழப்பம் செய்யும்.

• பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகணும். குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் தருவார்கள், தேதியைப் பாருங்கள்.

• சிங்கப்பூர் வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்பணும். அது இலவசம், யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

• குருமாவுக்கு என்று கசகசா எடுத்துப் போகாதீர்கள். அங்கே அது தடைப் பட்டியலில் இருக்கும் பொருள். சூயிங்கமும் வேண்டாம்.

• பவர்பேங்க் கைப்பையில் மட்டும். ஊறுகாயும் எண்ணெயும் பெரிய பெட்டியில்.

• மாத்திரைகள் டாக்டர் சீட்டோடு கைப்பையில். சில தூக்க மாத்திரைகளுக்கும் வலி மாத்திரைகளுக்கும் முன் அனுமதி தேவை.

• வீல்சேர் தேவைப்பட்டால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் பறந்து சாங்கி விமான நிலையத்தில் இறங்கினோம். தலைக்கு மேலே இருந்த பலகைகளில் தமிழைப் பார்த்ததும் ஆச்சி வாய்விட்டுப் படித்தார். அதற்குப் பிறகு வழி கேட்டது நாங்கள், சொன்னது அவர். ஐந்து நாளும் அவருக்காக எந்த இடத்தையும் நாங்கள் விடவில்லை. மதிய ஓய்வை அதிகம் அனுபவித்தவர் அப்பாதான்.

வீட்டில் பெரியவர்கள் யாராவது "நான் வரலை" என்று சொன்னால், அவர்கள் பெயரை உடனே பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். என்ன பயம் என்று பொறுமையாகக் கேளுங்கள். எஸ்கலேட்டர், டாய்லெட், சாப்பாடு, பாஷை என்று பதில் சின்னதாகத்தான் இருக்கும். அதைப் பழகிப் பார்க்கிற இடம் உங்கள் ஊரிலேயே, ஒரு பஸ் தூரத்தில் இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள்!