நைவ் பள்ளத்தாக்கில்

செப்டம்பர் 9, ஹோபார்ட் (டாஸ்மேனியா, ஆஸ்திரேலியா)

கோயம்புத்தூரில் அண்ணாவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போய்விட்டதென்று நேற்றிரவு செய்தி வந்தது. புதுப்பிக்கக் கொடுத்த என் பாஸ்போர்ட்டோ இன்னும் கைக்கு வந்தபாடில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்ட பின், மனத்திலுள்ள விசாரத்தைச் சொல்லிக்கொள்ள ஆளில்லாமல் இந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

செப்டம்பர் 10

எழுத ஓடவில்லை.

செப்டம்பர் 14, டாரலியா

இந்தப் பிரயாணம் எப்போதோ ஏற்பாடானது. நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். "இங்கே தனியாகத் தொலைபேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், வாருங்கள் அப்பா" என்று பெண் விடாப்பிடியாக அழைத்து வந்துவிட்டாள்.

ஊஸ் என்ற சிற்றூரைக் கடந்து மலையேறிய சாலை திடீரென்று நைவ் ஆற்றின் பள்ளத்தாக்குக்குள் வளைந்து வளைந்து இறங்கிய இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். இரு கரைகளிலும் எதிரெதிராக இரண்டு மின்நிலையங்கள். இரண்டின் பின்னாலும் மலையுச்சியிலிருந்து செங்குத்தாக இறங்கும் ராட்சஸக் குழாய்கள். டாரலியா நிலையத்தின் பக்கம், கிங் வில்லியம் ஏரியில் தேங்கிய ஜலம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கால்வாயில் மெதுவாக நடந்து மலை விளிம்புக்கு வந்து, அங்கிருந்து சுமார் 300 மீட்டர் உயரம் குழாய்க்குள் விழுந்து, பெல்ட்டன் சக்கரங்களின் கிண்ணங்களை அறைந்து சுழற்றிவிட்டு ஆற்றில் கலக்கிறது. 1938-இல் தொடங்கிய டாரலியா நிலையத்தில் இப்போது ஆறு யந்திரங்கள், 90 மெகாவாட். எதிர்க்கரையிலுள்ள டங்கடினா 1953-இல் வந்தது.

குழாய்களின் தலைமாட்டில்தான் மின்திட்ட ஊழியர்களுக்காக எழுந்த டாரலியா ஊர். ஒரே அச்சில் வார்த்தவை போன்ற சின்னஞ்சிறு மரவீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கணப்பு. உத்தியோகஸ்தர்கள் தங்கிய பெரிய மாளிகை பின்னால் சீமான்கள் விரும்பும் விடுதியானது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு தொழிலாளி குடும்பம் வாழ்ந்த வீடு. மெத்தை, போர்வை எல்லாம் நேர்த்தி. நெடுநாளைக்குப் பிறகு இன்று நன்றாகப் பசித்தது.

செப்டம்பர் 15

அதிகாலையில் ஒருவரையும் எழுப்பாமல் ஊரைச் சுற்றினேன். கோல்ஃப் மைதானத்தின் புல்லில் உறைபனி. அப்பால், கண்ணை மறைக்கும் செம்மயிரோடு ஸ்காட்லாந்து மாடுகள் மேய்கின்றன. இவ்வளவு சுத்தமான ஓர் ஊரில் வேலை செய்தவனின் சுவடு எங்கே இருக்கும் என்று தேடினேன். 1930களின் பொருளாதார நெருக்கடியில் பிழைப்புத் தேடி வந்தவர்களும், யுத்தம் முடிந்தபின் ஐரோப்பாவில் வீடிழந்து கப்பலேறியவர்களும் இந்த மலைகளில் பாறை உடைத்தார்கள். வட ஆப்பிரிக்காவின் டோப்ருக்கில் போர்புரிந்த போலந்துச் சிப்பாய்கள் 1947-இல் வந்து, இரண்டு வருஷம் மின்வாரியத்துக்கு உழைப்பதாக ஒப்புக்கொண்டு, பட்லர்ஸ் கார்ஜ் என்னும் முகாமில் பனியில் நின்று அணை கட்டினார்கள். அந்த முகாம் இன்று இல்லை. வேலை முடிந்து யந்திரங்களைக் காக்கச் சிலரே போதும் என்றான பிறகு, இங்கிருந்த பல வீடுகளை விற்று, அப்படியே பெயர்த்து லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். எஞ்சிய ஊரும் பின்னால் தனியார் கைக்குப் போயிற்று.

அண்ணாவும் தம் இருபதாவது வயதில் குந்தா நீர்மின் திட்டத்தில் சுரங்க வேலைக்குப் போனார். கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா தேசத்தின் உதவியோடு நீலகிரியில் நடந்த வேலை அது. ஊருக்கு வரும்போது எனக்குப் பேரிக்காய் கொண்டுவருவார். சுரங்கத்தைப் பற்றி ஒருநாளும் பேசினதில்லை.

செப்டம்பர் 16

மழை. அண்ணா மகன் பேசினான். மாற்றமில்லை. அழகான ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த வார்த்தையைக் கேட்பது பொறுக்க முடியாததாக இருந்தது. இந்த இடமே பிடிக்கவில்லை.

செப்டம்பர் 17

மாதாகோயில் பக்கத்தில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். எண்பதுக்குக் குறையாது. வீடொன்றும் இல்லாத ஒரு புல்தரையின் ஓரத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கால்வாயைக் காவல் காக்கும் வேலையில் இருந்தாராம் அவர் தகப்பனார். கால்வாயில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டால் நள்ளிரவிலும் கோலை எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். "நான் வளர்ந்த வீடு இந்த இடத்தில் இருந்தது" என்றார். அந்த வீடு இப்போது தென்கரையோரத்தில் ஓர் ஊரில் நிற்பதை வெகுகாலம் விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறார். உள்ளே போனீர்களா என்று கேட்டேன். தெருவிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாராம். அங்கே யாரோ குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்ததா, நிம்மதி இருந்ததா என்று என்னால் நிச்சயிக்க முடியவில்லை.

உங்கள் தகப்பனார் வேலையைப் பற்றி வீட்டில் பேசுவாரா என்றேன். வீட்டுக்கு வந்ததும் கணப்பின் முன் காலை நீட்டி உட்கார்ந்து காலுறைகளைக் காயவைப்பார், அந்த வாசனைதான் தமக்குத் தெரியும் என்றார். என் அண்ணாவும் இப்படித்தான், சுரங்க வேலையைப் பற்றிப் பேசினதில்லை என்றேன். அவர் அண்ணாவைப் பற்றிக் கேட்டார். குந்தாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அது இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது.

செப்டம்பர் 21, ஹோபார்ட்

இடக்கை விரல்களால் அண்ணா தாமே இட்லி எடுத்துத் தின்றாராம்! காலை முழுவதும் வீட்டில் பாடிக்கொண்டே இருந்தேன் என்று பெண் சொல்கிறாள்.

மாலையில் அண்ணா மகன் தொலைபேசியை அவர் காதில் வைத்தான். நலம் விசாரிக்க வாய் வரவில்லை. நைவ் ஆற்றைச் சொன்னேன், எதிரெதிரே நிற்கும் இரண்டு நிலையங்களைச் சொன்னேன், குழாய் எவ்வளவு செங்குத்து என்று சொன்னேன், கால்வாயில் பனி அடைத்துக்கொள்ளும் என்றேன். மறுமுனையில் சப்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று நிறுத்தியபோது, அண்ணா மகன் வாங்கி, "நிறுத்தாதீங்க சித்தப்பா, அப்பா தலையை ஆட்டுறார்" என்றான். சொல்லவேண்டியதெல்லாம் அதற்குள் தீர்ந்திருந்தது. ஆகவே மாடுகளைப் பற்றிச் சொன்னேன்.

செப்டம்பர் 22

பாஸ்போர்ட் வரவில்லை. அண்ணாவோடு சுரங்கத்தில் வேலை பார்த்தவர் ஒருவர் மேட்டுப்பாளையத்தில் இருப்பதாக அண்ணிக்கு ஞாபகம். ஊர் மட்டும்தான் தெரியும், பேர் தெரியாது. விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.